வைர விருதும் ஒரு ஸ்பூன் தண்ணீரும்

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடை முடித்துவிட்டு டீக்கடையில் சேர்கிற எங்கள் கோஷ்டியில் சந்தேகங்களுக்குப் பஞ்சமே இல்லாதவர் எதிர்வீட்டு மாமா. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் "கணக்கு எங்கே?" என்பார். அவர் அன்றைக்குக் கேட்டது இது: "ஜிஎஸ்டி ரோட்டுல ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல, பக்கவாத சிகிச்சைக்கு வைர விருதுன்னு பெரிய பலகை வெச்சிருக்கான். ஆஸ்பத்திரிக்கு எதுக்குப்பா வைரம்? யார் எடை போட்டுக் குடுத்தது?"

மருத்துவமனைகளில் தரப் பிரிவிலும் ஆவணப் பிரிவிலும் காலம் தள்ளியவன் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் என் பக்கம்தான் வரும். ஒரு டீயில் முடிகிற கதை இல்லை, இரண்டு சொல்லுங்கள் என்றேன். மாமாவுக்குச் சர்க்கரை இல்லாமல்.

விருது நிஜம்தான். உலகப் பக்கவாத அமைப்பு என்று ஒன்று இருக்கிறது. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜெயராஜ் துரை பாண்டியன் 2024இல் அதன் தலைவரானார். இந்த அமைப்பு 'ஏஞ்சல்ஸ்' என்ற திட்டத்தோடு சேர்ந்து மருத்துவமனைகளுக்குத் தங்கம், பிளாட்டினம், வைரம் என்று மூன்று தரம் கொடுக்கிறது. மருத்துவமனை தன்னிடம் வந்த பக்கவாத நோயாளிகளின் விவரங்களை ஒரு பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எத்தனை நிமிடத்தில் ஊசி போட்டார்கள், எத்தனை பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள் என்று அதிலிருந்து கணக்கிட்டுத்தான் தரம். கட்டடமும் கண்ணாடிக் கதவும் இந்தக் கணக்கில் வராது.

ஏன் நிமிடக் கணக்கு என்று புரிய, நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி போய் அடைத்துக்கொள்வது ஒரு வகை. குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொரு வகை. ஏறத்தாழப் பத்தில் எட்டுப் பேருக்கு முதல் வகைதான். வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, பேச்சு குழறுவது எல்லாம் இரண்டிலும் ஒன்று போலவே இருக்கும். எந்த வகை என்று சொல்ல சிடி ஸ்கேன் வேண்டும். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். வெடிப்புக்கு அதே ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

அந்த ஊசி பலன் தரும் என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1995இல் வந்தது. அப்போது கெடு 3 மணி நேரம். 2008இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. பெரிய குழாயில் அடைப்பு என்றால் தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை வெளியே இழுப்பது நல்ல பலன் தரும் என்று 2015இல் ஐந்து ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லின. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்யலாம் என்றானது 2018இல். இதைக் கேட்டுவிட்டு "அப்போ ஒரு நாள் டைம் இருக்கு" என்று யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது. ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 2006இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்: பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. நாலரை மணி நேரம் என்பது கதவு சாத்தும் நேரம். அதற்குள் எப்போது போனாலும் ஒன்றுதான் என்று அதற்குப் பொருள் இல்லை. அரை மணி முன்னால் போட்ட ஊசிக்கும் பின்னால் போட்ட ஊசிக்கும் நடுவில்தான், ஒருவர் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வாரா மாட்டாரா என்பது முடிவாகிறது.

நோயாளி ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில் இருந்து ஊசி உள்ளே போகும் வரை எத்தனை நிமிடம்? உலகம் முழுக்க மருத்துவமனைகள் முதலில் அளப்பது இதைத்தான். "இதுல என்ன இருக்கு? வண்டி நேரத்துக்கு வந்துச்சா இல்லையான்னு பாக்குற மாதிரிதானே?" என்றார் மாமா. அதேதான். என்ன, இந்த வண்டி எங்கெல்லாம் நின்று நின்று வருகிறது என்று பார்த்தால் தலை சுற்றும்.

ஆட்டோ வாசலில் நிற்கிறது. வாட்ச்மேன் முதலில் வண்டியை ஓரம் கட்டச் சொல்கிறார். சக்கர நாற்காலி இரண்டாவது மாடிக்குப் போயிருக்கிறது. கவுன்ட்டரில் பெயர், வயது, ஆதார். கேஷுவாலிட்டி டாக்டர் பார்த்து, பிரஷரும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லி, நரம்பியல் டாக்டருக்குப் போன் போடுகிறார். அவர் வேறொரு நோயாளியோடு இருக்கிறார். சிடி ஸ்கேன் அறையில் முதுகுவலிக்காரர் ஒருவர் படுத்திருக்கிறார். ஸ்கேனுக்குப் பணம் கட்டின ரசீது வந்தால்தான் மெஷின் ஓடும். ஸ்கேன் முடிந்தது, ரிப்போர்ட் வர வேண்டும். பிரஷர் 185க்கு 110ஐத் தாண்டியிருந்தால் முதலில் அதைக் கீழே கொண்டுவர வேண்டும். மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது, ஆனால் அசையாத மனிதரை எடை பார்ப்பது எப்படி? கடைசியாகக் குடும்பத்தாரின் சம்மதம். ஊசியால் ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு என்று சொன்னதும் அம்மா, "எனக்கு ஒண்ணும் புரியலைப்பா, பையன் கலிஃபோர்னியால இருக்கான், அவன்கிட்ட பேசுங்க" என்கிறார். பையன் போனை எடுக்கவில்லை. சிட்லபாக்கத்தில் பாதி வீடுகளின் கதை இதுதான். ஒவ்வொரு இடத்திலும் பத்துப் பத்து நிமிடம்தான். யார் மேலும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. கூட்டிப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் போயிருக்கும்.

பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனைக்கும் 1998இல் இதே நிலைமைதான். வாசலில் இருந்து ஊசிக்கு 105 நிமிடம் ஆனது. 2011இல் அது 20 நிமிடமாக இறங்கியிருந்தது. இந்தப் பதின்மூன்று வருஷத்தில் அவர்கள் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வழியிலேயே போன் செய்துவிடுவார்கள். நோயாளியின் பழைய விவரங்களும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் அவர் வருவதற்கு முன்பே தயாராக இருக்கும். சிடி மெஷினை அவசரப் பிரிவுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தார்கள். வந்தவரைக் கட்டிலுக்கு மாற்றாமல் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே நேராக ஸ்கேன் அறைக்குத் தள்ளினார்கள். எழுத்து ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் நரம்பியல் டாக்டரே படத்தைப் பார்த்து முடிவு செய்தார். ஊசியை ஸ்கேன் மேஜை மேலேயே போட்டார்கள். இதே முறையைப் பிற்பாடு மெல்போர்னில் ஒரு மருத்துவமனை எடுத்துச் செய்தபோது நாலே மாதத்தில் 61 நிமிடம் 46 ஆனது.

அமெரிக்காவில் 2010இல் இதை ஒரு தேசிய இயக்கமாகவே தொடங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளின் கணக்கு 2014இல் வெளிவந்தது. 60 நிமிடத்துக்குள் ஊசி பெற்றவர்கள் நூற்றுக்கு 26.5 பேராக இருந்தது 41.3 ஆகியிருந்தது. மருத்துவமனையிலேயே இறந்தவர்களும் 9.93இல் இருந்து 8.25 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். வேகப்படுத்தினால் அவசரத்தில் தப்பு நடக்கும், ரத்தக் கசிவு கூடும் என்று சிலர் பயந்தார்கள். அப்படி நடக்கவில்லை, கசிவும் குறையத்தான் செய்தது.

மாமா விடவில்லை. "சரி, நிமிஷத்தை எழுதுறது யாரு? அவங்களேதானே?"

நியாயமான கேள்வி. இந்தத் தொழிலின் குடுமி இங்கேதான் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், காகிதப்படி பார்த்தால் சில நோயாளிகளுக்கு அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே ஸ்கேன் எடுத்து முடித்திருந்தார்கள்! தேடிப் பார்த்ததில் சிடி மெஷினின் கடிகாரம் சில நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. கேஷுவாலிட்டிச் சுவர்க் கடிகாரம் ஒரு நேரம், நர்ஸ் கையில் இருந்த செல்போன் இன்னொரு நேரம். 'வாசல்' என்பதே எது? வண்டி வந்து நின்ற நேரமா, கவுன்ட்டரில் பெயர் பதிந்த நேரமா, டாக்டர் தொட்டுப் பார்த்த நேரமா? கடைசியை எடுத்துக்கொண்டால் பதினைந்து நிமிடம் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். பொய் எழுத வேண்டியதே இல்லை. தரத்தை அளக்க ஆரம்பிக்கிற ஆஸ்பத்திரி முதலில் செய்ய வேண்டியது எல்லாக் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்குத் திருப்பி வைப்பதுதான். அப்புறம்தான் சாஃப்ட்வேரும் மீட்டிங்கும்.

அடுத்தது கூட்டுக் கணக்கு. ஐந்து பேருக்கு முறையே 30, 35, 40, 45, 200 நிமிடத்தில் ஊசி போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 70. வரிசையில் நடுவில் நிற்கிற ஆளைப் பார்த்தால் 40. ஒரு மணி நேரத்துக்குள் முடித்தது நூற்றுக்கு 80. மூன்றுமே சரியான கணக்குதான், விளம்பரத்துக்கு எது வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எனக்கென்னவோ அந்த 200 நிமிடக்காரரின் ஃபைலைத்தான் முதலில் பிரிக்கத் தோன்றும். அவர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்திருப்பார். ஸ்கேன் டெக்னீஷியன் வீட்டில் இருந்து வரவேண்டியிருந்திருக்கும். சீராக்குவது என்பது அந்த ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன், பில்லிங் கவுன்ட்டர், வாட்ச்மேன் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து யாரையும் திட்டாமல் பேசுவது. வாட்ச்மேனைக் கூப்பிட மறக்கிற ஆஸ்பத்திரிகளே அதிகம். நோயாளியை முதலில் பார்க்கிறவர் அவர்தான்.

இப்போது வைரத்துக்கு வருவோம். தங்கம் வாங்க, சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்காவது 60 நிமிடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். பிளாட்டினத்துக்கு முக்கால்வாசிப் பேருக்கு. வைரம் என்றால் அதோடு பாதிப் பேருக்கு 45 நிமிடத்துக்குள்ளேயே. ஊசி போட்டவர்களை மட்டும் எண்ணினால் ஆஸ்பத்திரிக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது: சிக்கலான ஆளுக்குப் போடாமலே விட்டுவிட்டால் கணக்கு அழகாகிவிடும். அதனால் இன்னொரு நிபந்தனையும் வைத்திருக்கிறார்கள். அடைப்போடு வந்த நூறு பேரில் 25 பேருக்காவது அடைப்பு நீக்கும் சிகிச்சை நடந்திருக்க வேண்டும், அது வைரத்துக்கு. ஸ்கேன், விழுங்கும் திறன் சோதனை, வீட்டுக்குப் போகும்போது எழுதித் தரும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எல்லாம் நூற்றுக்கு 90 பேருக்கு.

மோசமான அளவுகோல் என்று சொல்ல மாட்டேன், நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் பலகையைப் பார்க்கிறவர் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏஞ்சல்ஸ் திட்டத்துக்குப் பின்னால் இருப்பது போரிங்கர் இங்கல்ஹைம் என்ற ஜெர்மன் மருந்து நிறுவனம். கட்டி கரைக்கும் ஊசியைத் தயாரித்து விற்பதும் அதுவேதான். விவரங்களை ஏற்றுவதும் அந்தந்த மருத்துவமனையே. அப்புறம், இந்த விருது காலாண்டுக்குக் காலாண்டு தரப்படுவது. ஏதோ ஒரு வருஷத்தின் ஏதோ மூன்று மாதத்துக்குக் கிடைத்த வைரம், பெயின்ட் உரிகிற வரைக்கும் வாசலில் தொங்கிக்கொண்டிருக்கும். மாமாவிடம் சொன்னேன்: அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் உள்ளே போய்க் கேளுங்கள், எந்த வருஷம், எந்தக் காலாண்டு, அதற்கடுத்த காலாண்டில் என்ன ஆயிற்று என்று. பதில் சொல்கிற ஆஸ்பத்திரி என்றால் மதிப்பு கொடுக்கலாம்.

விழுங்கும் திறன் சோதனை என்று நடுவில் ஒன்று சொன்னேன் இல்லையா? கேட்பதற்கு அல்பமாகத் தோன்றும். எனக்கு இந்தப் பட்டியலிலேயே மிகவும் பிடித்தது அதுதான்.

பக்கவாதம் வந்தவருக்குக் கை கால் போலவே தொண்டைத் தசையும் தளர்ந்திருக்கலாம். வாயில் ஊற்றுவது வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். இரண்டு நாளில் நிமோனியா. பக்கவாதத்தில் தப்பித்தவர் நிமோனியாவில் போய்விடுவார். இதைத் தடுக்க லட்ச ரூபாய் மெஷின் வேண்டாம். நோயாளியைச் சாய்ந்து உட்கார வைத்து, ஒரு நர்ஸ் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கிறார். தொண்டையில் கை வைத்து விழுங்குகிறாரா என்று பார்க்கிறார். இருமல் வருகிறதா, "உங்க பேர் என்ன?" என்று கேட்டால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல் களகளவென்று இருக்கிறதா? எல்லாம் சரியாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துப் பார்ப்பார். இல்லையென்றால் வாய் வழியாக எதுவும் கிடையாது, மூக்கு வழியாக வயிற்றுக்கு விடும் ரைல்ஸ் ட்யூப்தான். இவ்வளவுதான் சோதனை. இதற்கு நம் ஊரில் எதிரி யார் தெரியுமா? பாசம். "நேத்து ராத்திரியில இருந்து வெறும் வயிறு சிஸ்டர், கொஞ்சம் ஹார்லிக்ஸ் மட்டும்" என்று ஃப்ளாஸ்க்கோடு நிற்கும் அக்கா தங்கைகளை நர்ஸ் தாண்டி வர வேண்டும். கட்டில் தலைமாட்டில் 'வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் தமிழில் ஒரு அட்டை தொங்குகிறதா என்று பாருங்கள். அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி அது நிறையச் சொல்லும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் ஓர் ஆய்வு நடந்தது. 2011இல் லான்செட் இதழில் வந்தது. பாதிப் பிரிவுகளில் நர்ஸ்களுக்கு மூன்றே வேலைகள் கொடுத்தார்கள்: முதல் மூன்று நாள் காய்ச்சலைக் கவனி, சர்க்கரையைக் கவனி, விழுங்கும் திறனைச் சோதி. எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதியே கொடுத்துப் பயிற்சியும் தந்தார்கள். மற்றப் பிரிவுகளில் வழக்கம்போல. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான பிரிவுகளில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்கிறவர்களுமாக நூற்றுக்கு 58 பேர். மூன்று வேலை செய்த பிரிவுகளில் 42. தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர், ஒரு ஸ்பூன். ஊசிக்குத் தகுதி இல்லாமல் தாமதமாக வந்தவருக்கும், ரத்தக் கசிவோடு வந்தவருக்கும் இது பொருந்தும். நம் நாட்டில் நாலரை மணி நேரத்துக்குள் வருகிறவர்களே குறைவு என்பதால் இந்த மூன்றுக்கும் இங்கே மதிப்பு கூடுதல். ஆனால் இதற்கென்று தனியாக வாசல் பலகை வைக்கிறவர் யாரும் இல்லை.

மாமாவின் அடுத்த யோசனை எல்லோருக்கும் வருவது. "இத்தனை ஏன்? பக்கவாதத்துல வந்தவங்க எத்தனை பேர் செத்தாங்க, அதைச் சொன்னா போதாதா?"

போதாது. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் மற்ற இடங்களில் கைவிட்ட கேஸ்கள் வரும். சென்ட்ரல் எதிரே இருக்கிற ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையையும், வாய் லேசாகக் கோணினவர்களை மட்டும் சேர்த்துக்கொள்கிற ஒரு சின்ன நர்சிங் ஹோமையும் இறப்புக் கணக்கை மட்டும் வைத்து ஒப்பிட்டால் நர்சிங் ஹோம்தான் ஜெயிக்கும். வரும்போதே நோய் எவ்வளவு கடுமை என்பதற்கு 0 முதல் 42 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 2012இல் வந்த ஆய்வு ஒன்றில், அந்த மதிப்பெண்ணைச் சேர்க்காமல் 'எதிர்பார்த்ததைவிட மோசம்' என்று முத்திரை குத்தப்பட்ட மருத்துவமனைகளில் பாதிக்கும் மேல், அதைச் சேர்த்ததும் 'சரிதான்' என்ற வரிசைக்கு வந்துவிட்டன.

நம் ஊரில் இன்னொரு முடிச்சும் உண்டு. கடைசி நேரம் என்று தெரிந்ததும், "உசிரு வீட்டுல போகட்டும்" என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறோம். அது ஆஸ்பத்திரிக் கணக்கில் இறப்பாக வராது, 'சொந்தப் பொறுப்பில் சென்றார்' என்று மட்டும் இருக்கும். பணம் தீர்ந்துபோய்ப் போகிறவர்களுக்கும் அதே வரிதான். அந்த வரியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்காமல் ஒரு மருத்துவமனையின் இறப்பு விகிதத்தைப் பார்ப்பது வீண் வேலை.

நேர்மையான கேள்வி 90ஆம் நாள் கேட்பது. நோயாளி வீட்டுக்குப் போன் போட்டு, தானே குளிக்கிறாரா, துணையில்லாமல் நடக்கிறாரா, பேங்குக்குப் போய் வருகிறாரா என்று கேட்டு, 0 முதல் 6 வரை ஓர் எண். 0 என்றால் ஒரு குறையும் இல்லை, 6 என்றால் இறந்துவிட்டார். அந்தப் போனைப் போடுவதற்கு ஆளும் நேரமும் வேண்டும், வருமானம் ஒரு பைசா கிடையாது. அதனால்தான் பெரும்பாலும் நடப்பதில்லை. போடுகிற ஆஸ்பத்திரி இருந்தால் வைரமும் பிளாட்டினமும் இல்லாவிட்டாலும் நான் அங்கேதான் போவேன்.

அளந்து பார்க்கும் வேலை இந்தியாவில் நடக்கவே இல்லை என்று நினைக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்தும் மக்கள்தொகை சார்ந்த பக்கவாதப் பதிவேடுகளில் ஒன்று நம் திருநெல்வேலியில் இருக்கிறது. கட்டாக், கோட்டா, வாரணாசி, கச்சார் ஆகியவை மற்றவை. ஆஸ்பத்திரிக்கு வராதவரையும் தேடி எண்ணுவது அதன் சிறப்பு. தமிழக அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் பக்கவாதமும் ஒரு தூண். வந்தவுடன் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, சிவப்பை முதலில் பார்க்கும் ஏற்பாடு அதில் வந்ததுதான். மருந்திலும் நாம் பின்தங்கவில்லை. டெனெக்டெப்ளேஸ் என்ற ஊசியை ஒரே அழுத்தில் போட்டுவிடலாம். பழைய ஊசியைப் போல ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டாம். புனே நிறுவனம் ஒன்று தயாரிக்கிற இந்த மருந்து இங்கே பக்கவாதத்துக்குப் புழக்கத்துக்கு வந்து பல வருஷம் கழித்து, 2025இல்தான் அமெரிக்கா தன் ஊரில் இதற்கு அனுமதி கொடுத்தது.

அளந்தால் சில ஆசைகள் உடையவும் செய்யும். குடும்பத்தாருக்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்ய வைத்தால் பிசியோதெரபிஸ்ட் பற்றாக்குறையைச் சமாளிக்கலாம் என்று எல்லோரும் நம்பினோம். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். 2017இல் முடிவு வந்தது. பயிற்சி பெற்ற குடும்பங்களிலும் பெறாத குடும்பங்களிலும் ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் உதவியில் இருப்பவர்களும் நூற்றுக்கு 47 பேர்தான். ஒரு வித்தியாசமும் இல்லை. கசப்பான முடிவு, ஆனாலும் மறைக்காமல் வெளியிட்டார்கள். ஆகவே 'வீட்டுல மருமக பாத்துப்பா' என்று அரசு தன் பொறுப்பைக் கைகழுவ முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கு வருகிறது. அதை விட்டுவிடாமல் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் எந்த மருத்துவமனை பக்கவாதத்தை எப்படிக் கவனிக்கிறது என்பதைப் பள்ளிக்கூட மார்க் மாதிரி 'ஏ' முதல் 'இ' வரை போட்டு 2013இல் இருந்து வெளியிட்டு வருகிறார்கள். யார் வேண்டுமானாலும் தன் ஊர் ஆஸ்பத்திரியின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். 'இ' வாங்கின ஆஸ்பத்திரியை மூடிவிடவில்லை, அடுத்த தடவை 'டி' வாங்குவதற்கு என்ன செய்யலாம் என்று பார்த்தார்கள். தமிழக சுகாதாரத் துறைக்கு இது முடியாத காரியம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஆரம்பிக்கலாம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிற தனியார் மருத்துவமனைகளுக்கும் நிபந்தனை ஆக்கலாம். மூன்றே எண்கள் போதும்: வாசலில் இருந்து ஊசிக்கு எத்தனை நிமிடம், எத்தனை பேருக்கு விழுங்கும் சோதனை நடந்தது, 90ஆம் நாள் எத்தனை பேர் தானே நடக்கிறார்கள். வாசலில் எழுதிப் போடட்டும்.

டீ ஆறிவிட்டது. மாமா கேட்டார்: "அதெல்லாம் அவங்க செய்யறது. நாம என்ன செய்யணும்?"

நிறைய இருக்கிறது. மேலே சொன்ன கடிகாரமெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் இருந்துதான் ஓடும். அதற்கு முன்னால் வீட்டில் வீணாகும் நேரத்தை எந்த விருதும் எண்ணுவதில்லை. வாய் கோணல், ஒரு கை தொங்குவது, பேச்சு குழறல் என்று எதைப் பார்த்தாலும் 'கொஞ்சம் படுத்தா சரியாயிடும்' என்று விடக் கூடாது. கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் எழும்போதே வந்திருந்தால், ராத்திரி படுக்கப்போன நேரம்தான் கணக்கு. டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். தண்ணீர், காபி, ஆஸ்பிரின் எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். உள்ளே அடைப்பா வெடிப்பா என்று உங்களுக்குத் தெரியாது. சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டுகளை, முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டுக்கொள்கிற மாத்திரையை, கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

சிட்லபாக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்று. ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கிறோம், பெரிய ஆஸ்பத்திரிகள் பலவும் மேற்கே ஜிஎஸ்டி சாலைப் பக்கம். மழை நாளில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றித்தான் போக வேண்டும். தெரு முனை கிளினிக்கில் காட்டிவிட்டு, அங்கிருந்து ஸ்கேன் சென்டர், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி என்று போனால் நாலரை மணி நேரம் ஜிஎஸ்டியிலேயே கரைந்துவிடும். ஆகவே இந்த வாரமே, வீட்டில் எல்லோரும் நல்லபடியாக இருக்கும்போதே, போகக்கூடிய இரண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேட்டு வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு சிடி ஸ்கேன் ஓடுமா? கட்டி கரைக்கும் ஊசி கேஷுவாலிட்டியிலேயே இருக்கிறதா? பணம் கட்டும் முன்பே சிகிச்சை ஆரம்பிப்பீர்களா? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள், சம்மதம் கேட்டு அந்த நேரத்தில் போன் வராது, அம்மாவே கையெழுத்துப் போடுவார் என்று. ஆம்புலன்ஸுக்கு 108. காசு கிடையாது.